விடுதிப் புகையைத் தன்னுடையது என்று சொன்னவர்

பேச்சியம்மாள் தொலைபேசியில் கூப்பிட்டபோது நான் ஒரகடம் கூட்டுச்சாலையில் பேருந்துக்கு நின்றுகொண்டிருந்தேன். கன்டெய்னர் லாரிகளின் இரைச்சலில் முதலில் எதுவும் காதில் விழவில்லை. பக்கத்து மருந்துக் கடைக்குள் ஒதுங்கி, "இப்ப சொல்லும்மா" என்றேன்.

"லூர்து அக்கா போயிட்டாக சார்."

மணிமங்கலத்தில் தம்பி வீட்டில் காலை காபியைக் குடித்துவிட்டு நாற்காலியில் சாய்ந்தவர் எழுந்திருக்கவில்லை, இதயம் நின்றுவிட்டது என்று மெல்லச் சொன்னாள். "நீங்க எழுதணும் சார். எங்களுக்கு எழுத வராது" என்றாள். பிள்ளைப்பாக்கம் விடுதியில் லூர்து மேரி வார்டனாக இருந்த காலத்தில் அங்கே தங்கி வேலைக்குப் போன பெண்களான நீங்கள் இன்று பல ஊர்களில் இருக்கிறீர்கள். உங்களுக்குத் தெரிந்ததைத்தான் எழுதுகிறேன். உங்களில் சிலர் அது நடக்கும்போது ஷிப்டில் இருந்தீர்கள். அதனால் முழுதும் பார்த்திருக்க மாட்டீர்கள்.

மின்வெட்டு மிகக் கடுமையாக இருந்த வருடம் அது. தொழிலாளர் விடுதிகளில் மின்வெட்டால் வரும் அவதி பற்றி என் பத்திரிகைக்கு ஒரு கட்டுரை எழுத அங்கே போனேன். முன்னறையில் ஒரு மேசை, சுவரில் மாதா படம், மேசைக்குப் பின்னால் லூர்து அக்கா. உள்ளே போகும் வாசலில் ஒரு திரை தொங்கியது. "ஆம்பளைங்க இந்தத் திரை வரைக்கும்தான். கலெக்டரே வந்தாலும் அப்படித்தான்" என்றார். நான் கேள்வியைத் தொடங்குவதற்குள் உள்ளே போய் ஒரு நீலச் சீருடைச் சட்டையைக் கொண்டுவந்து என் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"மோந்து பாருங்க."

துவைத்து மடித்த சட்டை. சோப்பு மணத்துக்கு அடியில் ஈர விறகு எரிந்த வாடை. கசப்பாக, தொண்டையில் ஒட்டுவது போல.

"கரண்ட் கட்டெல்லாம் எல்லாருக்கும் கீது சார். இது எங்களுக்கு மட்டும் கீது. முடிஞ்சா இதை எழுதுங்க."

அந்த வாடை எங்கிருந்து வந்தது என்பதில் மர்மம் ஒன்றுமில்லை. நிலத்தை விற்ற பணத்தில் விடுதியைக் கட்டிய உரிமையாளர், மூடப்பட்ட ஒரு கல்யாண மண்டபத்திலிருந்து விறகு பாய்லர் ஒன்றை வாங்கி வந்திருந்தார். சோறும் இட்லியும் வேக நீராவி, மூன்று ஷிப்டுக்கும் குளிக்க வெந்நீர், எல்லாம் அதிலிருந்துதான். வாங்கிய புதிதில் அது பின்முற்றத்தில், திறந்த வெளியில் நின்றது. பெண்கள் அதிகமாக வரத் தொடங்கியதும் முற்றத்தின் மேல் தளம் போட்டு அறைகள் கட்டினார். பாய்லர் நின்ற இடத்திலேயே நின்றது, நான்கு பக்கமும் சுவர் எழும்பி அதை வீட்டுக்குள் கொண்டுவந்துவிட்டது. புகைக்குழாயை மட்டும் மாடிக்கு மேலே நீட்டியிருந்தார்கள். பாய்லர் அறைக்கும் சமையலறைக்கும் நடுவே ஒரு நடைவழி. பெண்கள் துணி காயப்போட்டது அந்த நடையில்தான். மொட்டை மாடியில் போட்டால் சாலையிலிருந்து தெரியும், பெண்பிள்ளைகள் துணி அப்படித் தொங்கக் கூடாது என்று ஊரில் சிலர் சொல்லியிருந்தார்கள். பாய்லர் சூட்டில் சீக்கிரம் காயவும் செய்தது.

வாடையோடு வாழ்ந்துவிடலாம் என்றுதான் எல்லோரும் இருந்தார்கள். தொழிற்சாலையில்தான் அது பிரச்சினையாயிற்று. பேச்சியம்மாளும் அவள் அறைத் தோழிகளும் வேலை பார்த்தது மின்னணுப் பாகங்கள் பூட்டும் ஒரு கம்பெனியில், பயிற்சித் தொழிலாளர்களாக. ஏசி போட்ட, காற்றுப் புகாத கூடம். அங்கே எரிந்த வாடை வந்தால் ஏதோ ஒரு வயர் கருகுகிறது என்று அர்த்தம். இரண்டு முறை லைனை நிறுத்தி இயந்திரங்களைக் கழற்றிப் பார்த்திருக்கிறார்கள். மூன்றாவது முறை சூப்பர்வைசர் வாடையைத் தேடிக்கொண்டே நடந்து வந்து பேச்சியின் தோளருகே நின்றுவிட்டார். "குளிக்கிறதில்லையாம்மா? ரூம்ல அடுப்பு வச்சுப் பொங்குறீங்களா?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டார். அன்றைக்கே அவளைத் திருப்பி அனுப்பினார்கள்.

சாயல்குடிப் பக்கத்துப் பெண். அப்பா இல்லை, தம்பி படித்துக்கொண்டிருந்தான். "வேல போறது கூடப் பரவால்ல அக்கா, குளிக்கலைன்னு சொல்றாக" என்று அழுதாள்.

லூர்து அக்கா முதலில் செய்தது ஒரு தவறு. அவரே அதைப் பிற்காலத்தில் சிரித்துச் சிரித்துச் சொல்வார். தலைக்குக் குளித்தால் கூந்தலுக்குச் சாம்பிராணி காட்டுவோம் அல்லவா, அதேபோல் கூடையைக் கவிழ்த்து அதன் மேல் சீருடைகளை விரித்து, அடியில் சாம்பிராணி போட்டார். புகை வாடையைப் போக்க இன்னொரு புகை. மறுநாள் பெண்கள் கூடத்துக்குள் நுழைந்ததும் சூப்பர்வைசர் சொன்னாராம்: "நேத்து வயர் எரிஞ்சுது. இன்னிக்குக் கோயில்ல வயர் எரியுது."

இந்த முறை அந்த அறைப் பெண்கள் எல்லோரையும் திருப்பி அனுப்பிவிட்டார்கள். பயிற்சியையே ரத்து செய்யப்போவதாகப் பேச்சு வந்தது.

அன்று மதியம் லூர்து அக்காவிடமிருந்து எனக்குப் போன் வந்தது. "கம்பெனி வரைக்கும் கூட வாங்க சார். ஆனா நீங்க ஒண்ணும் பேசக் கூடாது."

ஷேர் ஆட்டோவில் போனோம். கேட்டில் காவலர் உள்ளே விடவில்லை. வெயிலில் வெகுநேரம் நின்ற பிறகு பணியாளர் பிரிவு அதிகாரி ஒருவர் வந்தார். இளைஞர், மரியாதையாகத்தான் பேசினார். என்னைக் காட்டி, "இவர் யாரு?" என்றார். "ஆட்டோல எடம் இருந்துது, வந்தாரு" என்று லூர்து அக்கா என் விஷயத்தை முடித்துவிட்டார். பிறகு தன் முந்தானையை எடுத்து அவரிடம் நீட்டினார்.

"மோந்து பாருங்க தம்பி."

அவர் ஓரடி பின்னால் நகர்ந்தார். "இன்னாம்மா இது?"

"நான் உங்க லைன்ல நிக்கிறவ இல்ல. காலைல குளிச்சுட்டுதான் வந்தேன். என் மேலயும் அதே நாத்தம்தான் வீசுது. அது பொண்ணுங்களோடது இல்ல தம்பி, என்னோடது. அந்த பாய்லர் என் பொறுப்பு. புகை என்னோடது. திட்டணும்னா என்னைத் திட்டுங்க, அதுங்களைக் குளிக்கலைன்னு சொல்லாதீங்க."

புடவையை அதிகாரி முகர்ந்து பார்க்கவில்லை. தேவைப்படவில்லை, காற்று அந்தப் பக்கம்தான் அடித்தது. ஒரு வாரம் தருவதாகச் சொன்னார். அடுத்த திங்கட்கிழமை வாடை இருந்தால் தன்னால் ஒன்றும் செய்ய முடியாது என்றார். அதுவரை அவர்கள் வேலைக்கு வர வேண்டாம்.

வேலைக்குப் போகாமல் விடுதியில் கிடந்ததால்தான் பேச்சி அதைக் கவனித்தாள். நான் முன்னறையில் இருந்தேன், திரைக்கு அந்தப் பக்கம் நடந்த பேச்சு தெளிவாகக் கேட்டது.

"அக்கா, இங்க வாங்களேன். கரண்டு போச்சு, புகையும் போயிருச்சு."

"கரண்ட்ல ஓடுறதாடி அது? விறகு. உள்ள எரிஞ்சுகினுதான் கீது."

"எரியுதுக்கா. ஆனா நடைக்கு வரல. நேத்தும் இப்படித்தான் இருந்துச்சு. கரண்டு வந்ததும் பாருங்க."

காத்திருந்தார்கள். மின்சாரம் வந்தது. சமையலறையில் பெரிய எக்ஸாஸ்ட் ஃபேன் உறுமத் தொடங்கியது. சற்று நேரத்தில் எனக்கே முன்னறையில் வாடை தெரிந்தது. லூர்து அக்கா ஓர் ஊதுபத்தியைக் கொளுத்தி பாய்லர் அறை வாசலில் பிடித்தார். அதன் புகை நேராக மேலே போகாமல் படுத்து, நடை வழியாகச் சமையலறைப் பக்கம் ஓடியதாம். "கன்னியம்மா, ஃபேனை நிறுத்து" என்றார். "நிறுத்துனா நான் இட்லியோட சேந்து வெந்துடுவேன்" என்று சமையல்காரர் கன்னியம்மா கத்தினார். ஆனாலும் நிறுத்தினார். ஊதுபத்திப் புகை நிமிர்ந்துகொண்டது.

விஷயம் அவ்வளவுதான். ஃபேன் காற்றை வெளியே இழுத்துத் தள்ளுகிறது. அந்த அளவுக்குக் காற்று வேறெங்கிருந்தாவது உள்ளே வந்தாக வேண்டும். பாய்லர் அறைக்கு ஜன்னல் கிடையாது. அதனால் புகைக்குழாயில் ஏற வேண்டிய புகையை அடுப்பு வாய் வழியாகவே ஃபேன் இழுத்துக்கொண்டிருந்தது. அந்தப் புகை போகிற வழியில் தொங்கிய சீருடைகளிலெல்லாம் ஏறிக்கொண்டு போயிற்று.

லூர்து அக்கா திரையை விலக்கிக்கொண்டு வந்து, "கரண்ட் கட்டுல ஒரு நல்லது கீதுன்னு போடுவீங்களா சார் உங்க பேப்பர்ல?" என்று கேட்டார். எழுதிக் கொடுத்தேன். ஆசிரியர் பிரிவில் அந்த வரியை மட்டும் எடுத்துவிட்டார்கள்.

பாய்லர் அறையின் வெளிச்சுவரில் ஒரு ஜன்னல் திறக்க வேண்டும், நடைப் பக்கம் ஒரு கதவு போட வேண்டும். உரிமையாளரை வரவழைத்தார். கதவுக்குச் சரி என்றவர் ஜன்னலுக்குத் தலையாட்ட மறுத்தார். அது கன்னி மூலை, அங்கே சுவரைத் திறந்தால் ஆகாது என்று வாஸ்து பார்ப்பவர் சொல்லியிருக்கிறாராம்.

"தெறந்தா இன்னா ஆவும்?"

"வூட்டுக்கு ஆவாதும்மா. பொம்பளைப் புள்ளைங்களுக்கு ஆவாது."

"இங்க இருக்கறது பூரா பொம்பளைப் புள்ளைங்கதான். தெறக்காததுனால அதுங்களுக்கு இன்னா ஆச்சுன்னு நான் சொல்லட்டுமா? இல்ல அந்த வாஸ்துக்காரரை ஒரு நாள் இங்க வந்து சட்டை காயப்போடச் சொல்லுங்க."

அவர் மோசமான மனிதர் இல்லை. பயந்த மனிதர். விற்ற நிலம் திரும்ப வராது, இருப்பது இந்தக் கட்டடம் ஒன்றுதான். யோசித்துச் சொல்கிறேன் என்று பைக்கை எடுத்தார். அவர் யோசித்து முடிப்பதற்குள் திங்கட்கிழமை வந்துவிடும் என்று லூர்து அக்காவுக்குத் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும், கொத்தனாரான தன் தம்பியை மணிமங்கலத்திலிருந்து நேராக அழைத்து வந்தார். கோயிலுக்குக் கட்டிய புடவையிலேயே பக்கத்தில் நின்றார். சுவர் திறந்தது, நடைப் பக்கம் கதவும் ஏறியது. எடுத்த செங்கற்களை உடையாமல் வெளியே அடுக்கி வைக்கச் சொன்னார். பிறகு உரிமையாளருக்குப் போன் செய்தார். "தெறந்தாச்சுங்க. கல்லு அப்படியே கீது. வேணான்னா அடைச்சுக்குங்க. அடைச்சா நான் இங்க இருக்க மாட்டேன், அதையும் சொல்லிட்டேன்." கணவர் இறந்த பிறகு அவருக்கு இருந்தது அந்த வேலை ஒன்றுதான்.

உரிமையாளர் வந்தார். திறப்பைப் பார்த்தார். நடையில் போய் நின்று மூச்சை இழுத்துப் பார்த்தார். அடுக்கி வைத்த செங்கற்களைத் தொடாமல் பைக்கை எடுத்துக்கொண்டு போனார். இரண்டு வாரம் கழித்து அவரே கம்பி போட ஆள் அனுப்பினார்.

அந்த ஞாயிற்றுக்கிழமையே எல்லாச் சீருடைகளையும் மறுபடி துவைத்தார்கள். மொட்டை மாடியில் பழைய புடவைகளை மறைப்பாகக் கட்டி, அதற்குள் கொடி போட்டுக் காயவைத்தார்கள். ஊரில் ஒருவர் வந்து கேட்டதற்கு, "புடவைதானே தெரியுது? அது என்னோடது. பாத்துட்டுப் போங்க" என்றாராம் லூர்து அக்கா.

திங்கட்கிழமை காலை நான் போனபோது கம்பெனி பஸ் பெண்களை ஏற்றிக்கொண்டு போய்விட்டிருந்தது. லூர்து அக்கா மேசையில் இல்லை. வாசற்படிக்கு வெளியே நாற்காலி போட்டு, தார்ச்சாலையைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். திருப்பி அனுப்பினால் அந்த வழியாகத்தான் நடந்து வருவார்கள். நீலச் சட்டை எது தெரிந்தாலும் எழுந்துவிடுவார். வேறு கம்பெனிப் பெண் என்று தெரிந்ததும் உட்காருவார். கன்னியம்மா தேநீர் கொண்டுவந்து வைத்தது ஆறிப்போயிற்று.

"வந்துட்டாங்களா?" என்று உள்ளேயிருந்து கன்னியம்மா கேட்டார்.

"வரல."

கொஞ்ச நேரம் கழித்து மறுபடி கேட்டார்.

"வரலடி. எதுக்கு வரணும்? வேலைக்குப் போனவங்க ஷிப்ட் முடிஞ்சாதான் வருவாங்க. போய் சோத்தைப் பாரு" என்று அதட்டினார். அதட்டும்போதே முகம் மலர்ந்துவிட்டது. ஆறிய தேநீரை எடுத்து ஒரே மூச்சில் குடித்தார்.

தொழிற்சாலை வாசல்களில் நின்று செய்தி சேகரித்த வருடங்களில், தங்களுக்குச் சம்பந்தமில்லை என்று சொன்னவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். கம்பெனி சொல்லும், ஒப்பந்தக்காரர் சொல்வார், அலுவலகம் சொல்லும். தன்னுடையது என்று சொல்வதற்காகவே வெயிலில் வந்து நின்ற ஒருவரை ஒரு முறைதான் பார்த்தேன். ஆனால் லூர்து அக்காவை நினைக்கும்போது முதலில் வருவது அந்த கேட் அல்ல. அந்தத் திங்கட்கிழமைச் சாலைதான். ஆள் வராத சாலையை, நிமிடத்துக்கு நிமிடம் கூடிக்கொண்டே போன சந்தோஷத்தோடு ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் நின்றேன். அந்தக் காலையை என்னிடம் வைத்துக்கொள்கிறேன்.