ஒரே இடத்தில் நின்ற இரண்டு கோடுகள்

போன செவ்வாய்க்கிழமை எனக்கு மத்தியானச் சாப்பாடு இறங்கவில்லை. காரணம், லாபில் என் முன்னால் கிடந்த ஒரு ஜெல்.

சிட்னி ஆஸ்பத்திரி ஒன்றில் இரத்தம் சோதிப்பது என் வேலை என்பது உங்களுக்குத் தெரியும். அன்று வந்தது இங்கே மெரிலேண்ட்ஸ் பகுதியில் இருக்கும் ஒரு யாழ்ப்பாணத் தம்பதியின் இரத்தம். மனைவிக்குச் சுமதி என்று பெயர் வைத்துக்கொள்வோம். மூன்று மாதக் கர்ப்பம்.

ஜெல் என்ற கூழ்த் தகட்டில் இரத்தத்தை வைத்து மின்சாரம் பாய்ச்சினால் ஹீமோகுளோபின் கோடு கோடாகப் பிரியும். இருவருக்கும் வழக்கமான கோட்டோடு இன்னொரு கோடு... அரிவாள் செல் நோய்க்குரிய அதே இடத்தில்! இருவரிடமும் அது இருந்தால் பிள்ளைக்கு நோய் வர நாலில் ஒரு பங்கு வாய்ப்பு. கர்ப்பத்தைக் கலைப்பதா என்று பேச, மூன்று மணிக்கு டொக்டர் அவர்களைக் கூப்பிட்டிருந்தார்.

யாழ்ப்பாணத்தில் அந்த நோயா? நான் கேள்விப்பட்டதே இல்லை. அதுவும் இருவருக்குமா? அவர்கள் நிரப்பிக் கொடுத்த ஃபோமைப் புரட்டினேன். 'கணவனும் மனைவியும் உறவினரா?' — 'இல்லை.'

வெளியே கதிரையில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்த சுமதியிடம் நேரே போனேன்.

“உண்மையைச் சொல்லும் பிள்ளை. அவர் உமக்கு என்ன முறை?”

“மாமியின்ர மகன், அக்கா...”

“பிறகேன் இல்லையெண்டு எழுதினனீர்?”

“வெள்ளைக்காரர் மட்டும்தான் இந்த நாட்டில வந்து குடியேறலாமெண்ட சட்டம் இப்பத்தானே போனது. மச்சானைக் கட்டினதெண்டா ஒரு மாதிரிப் பாப்பினம். வெக்கமாயிருந்தது.”

எனக்கு வந்த கோபம்! ஆனால் நின்று ஏச நேரமில்லை. ஒரே குடும்பம் என்றால், ஊரில் அபூர்வமான வேறொரு மாற்றம்கூட இருவருக்கும் வந்திருக்கலாமே?

ஹீமோகுளோபின் என்பது அமினோ அமிலங்கள் வரிசையாகக் கோத்த சங்கிலி. ஆறாவது இடத்தில் ஒன்று மாறினால் செல் அரிவாளாக வளையும். அதே அமிலம் நூற்று இருபத்தோராவது இடத்தில் மாறினால் பெரும்பாலும் பெரிய கெடுதல் இல்லை. ஆனால் ஜெல்லுக்கு அந்த வித்தியாசம் தெரியாது — இரண்டையும் ஒரே இடத்தில் நிறுத்திவிடும். பிரித்தறிய வேறொரு ஜெல், அமில ஜெல், ஓட்டவேண்டும்.

டொக்டரிடம் ஒரு மணித்தியாலம் கெஞ்சி வாங்கினேன். அரிவாள் என்றால் கோடு பிரியும். இல்லையென்றால் வழக்கமான கோட்டோடு சேர்ந்துவிடும். சாயத்தை ஊற்றினேன். பிரிந்துவிடாதே, பிரிந்துவிடாதே...

ஒரே கோடு. இருவருக்கும்!

டொக்டர் வந்து இரண்டு தரம் பார்த்தார். “அரிவாள் இல்லை” என்றார்.

“அக்கா, பிள்ளைக்கு ஒண்டுமில்லையே?” சுமதி என் கையை விடவில்லை.

“பயப்பிடாதையும். ஆனா இனி ஃபோமில பொய் எழுதினீரெண்டால் தெரியும்!” என்று நன்றாகவே ஏசிவிட்டுத்தான் வந்தேன்.

வீட்டில் என் கணவரிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் பேப்பரை மடித்து வைத்தார்.

“மகன் பிறக்கேக்க, அந்தக் கேள்விக்கு நீர் என்ன எழுதினனீர்?”

நானும் 'இல்லை' என்றுதான் எழுதியிருந்தேன். அவர் என் சொந்த மாமாவின் மகன்.

மறுநாள் காலை லாபில் முதல் ஜெல் எங்கள் இருவருக்கும்தான்.