பனியன் வேஸ்ட்டும் காபி பில்டரும்

எங்கள் வீட்டுக் காலைக் காபி என் கைக்கு வந்தது போன வருடம் ஆடி மாதத்தில். அதற்கு முந்தைய மாதம் வரைக்கும் நான் ஒரு பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். முப்பது வருடம் துணி வெட்டிய கை. கம்பெனிக்குத் தானாக வெட்டுகிற மெஷின் வந்தது. அதை ஓட்டக் கம்ப்யூட்டர் தெரிந்த இரண்டு பேர் வந்தார்கள். தேவைப்பட்டால் கூப்பிடுகிறோம் என்று என்னிடம் மரியாதையாகச் சொன்னார்கள். எங்கள் ஊரில் எதையுமே மரியாதையாகத்தான் சொல்வார்கள். போன் வரவில்லை.

என் மனைவி அப்போது நல்லூர்ப் பக்கம் ஒரு கம்பெனியில் செக்கிங் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். தைத்து வரும் உருப்படிகளை வெளிச்சத்தில் பிடித்து, ஓட்டை, கறை, தையல் விட்ட இடம் எல்லாம் கண்டுபிடித்து ஸ்டிக்கர் ஒட்டுகிற வேலை. மகளைக் கட்டிக்கொடுத்த பிறகு சும்மா இருக்கப் பிடிக்காமல் போனவள், இப்போது வீட்டையே தாங்கினாள். எட்டு மணிக்குக் கம்பெனி வேன் தெருமுனைக்கு வந்துவிடும். அதற்குள் சமையல், டிபன் பாக்ஸ், துணி ஊறவைப்பது. நடுவில் ஒரு டம்ளர் காபியை நின்றபடியே குடிப்பாள். அவளுக்கென்று அவள் எடுத்துக்கொள்வது அது ஒன்றுதான்.

ஒரு நாள் காலை, ஒரு கையில் டம்ளரோடு அவள் குழம்பைக் கிண்டிக்கொண்டிருக்க, நான் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். எனக்கே வெட்கமாகிவிட்டது. நாளையிலிருந்து காபி நான் போடுகிறேன் என்றேன். அவள் சிரித்தபடி சரிங்க என்றாள். வெளியே சாதாரணமாகச் சொன்னேனே தவிர, உள்ளுக்குள் அது சின்ன விஷயமாக இல்லை. இந்த வீட்டில் நானும் ஒன்றுக்கு உதவுவேன் என்று காட்ட வேறு எதுவும் என் கையில் இல்லை. அவள் டம்ளர் காலியாகத் திரும்பி வர வேண்டும், அவ்வளவுதான் எனக்கு வேண்டியிருந்தது.

இருபத்தாறு வருடம் அவள் போட்ட காபியைக் குடித்துவிட்டுத் தினமும் ஒரு குறை சொன்னவன் நான். இன்றைக்குத் தண்ணீராக இருக்கிறது, இன்றைக்குச் சூடு போதவில்லை. நானே போட இறங்கியபோதுதான் சங்கதி புரிந்தது. பில்டர் எங்கள் கல்யாணச் சீரில் வந்தது. அனுப்பர்பாளையத்து எவர்சில்வர், கனமான தகடு, மேல் பாத்திரத்தின் அடியில் பொடிப்பொடியாக ஓட்டைகள். பொடியைப் போட்டு லேசாக அழுத்தி, கொதித்து அடங்கிய தண்ணீரைச் சுற்றி ஊற்றி மூட வேண்டும். அப்புறம் தொடக் கூடாது. முதல் நாள் நான் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை மூடியைத் திறந்து பார்த்தேன். பனியன் துணியை விரித்தவுடன் வெட்டக் கூடாது. இழுபட்ட துணி தன் அளவுக்குத் திரும்பும்வரை அப்படியே விட்டுவைக்க வேண்டும், இல்லாவிட்டால் தைத்த பிறகு சுருங்கிவிடும். கட்டிங் டேபிளில் இதற்காக எத்தனை பேரிடம் கத்தியிருக்கிறேன்! டிக்காஷனும் அதே ரகம் என்று பிடிபட ஒரு வாரம் ஆயிற்று. பிறகு ஐந்தரைக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டு வாசலுக்குப் போய்விடுவேன். ஆறேகாலுக்குக் கறுப்பாகக் கெட்டியாக இறங்கியிருக்கும். பாலையும் ஒரே கொதியில் இறக்கப் பழகினேன். இரண்டாவது வாரம் அவள் டம்ளர் காலியாக வந்தது. முதல் எக்ஸ்போர்ட் ஆர்டரை வெட்டி அனுப்பிய நாளில்கூட எனக்கு அவ்வளவு பெருமை இல்லை.

பெருமை வந்ததும் சுத்தமும் கூடவே வந்துவிட்டது. அவள் கிளம்பியதும் பில்டரைக் கழுவி, கட்டிங் மெஷினைத் துடைப்பதுபோல பனியன் வேஸ்ட்டால் உள்ளும் புறமும் துடைத்துப் பளபளவென்று வைப்பேன். கம்பெனியில் வெட்டி மிஞ்சுகிற துண்டுத் துணிதான் பனியன் வேஸ்ட். எங்கள் ஊரில் பைக் துடைப்பது, ஜன்னல் துடைப்பது, சூடான பாத்திரத்தைப் பிடித்து இறக்குவது எல்லாம் அதில்தான். துடைக்கிற துணியைக் கடையில் போய் வாங்குகிற ஆளை இந்த ஊரில் நான் பார்த்ததில்லை. அவள் பில்டரை ஒருநாளும் துடைத்ததில்லை. வெறும் தண்ணீரில் கழுவி மாடிப்படியில் வெயிலில் கவிழ்த்து வைப்பாள். அவசரத்தில் செய்கிற அரைகுறை வேலை என்று நான் நினைத்திருந்தேன்.

இரண்டு மாதம் கழித்து டிக்காஷன் இறங்க மறுத்தது. ஆறேகாலுக்குப் பார்த்தால் அடியில் ஒரு கரண்டி இருக்கும். பக்கவாட்டில் தட்டினேன், பொடியைக் குறைத்தேன், தண்ணீரை முன்கூட்டியே ஊற்றினேன். ஆறிப்போய், கசந்துபோய், காபி என்கிற பெயரில் வேறு எதுவோ வந்தது. எனக்குக் கோபம் மூக்கின் மேல் இருக்கும். நேரே பொடிக் கடைக்குப் போய், சிக்கரியைக் கூட்டிவிட்டீர்களா என்று கேட்டேன். அந்தக் கடை பாய் என் கண்முன்னால் வறுத்த கொட்டையைக் கொட்டி அரைத்துத் தருகிறவர். அவர் முகம் மாறவே இல்லை. "பொடி அதேதானுங்க. பாத்திரத்த ஒருக்காப் பாத்துக்குங்க" என்றார். எனக்கா பாத்திரம் கழுவத் தெரியாது என்று பையை வெடுக்கென்று வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். பால்காரரையும் விட்டுவைக்கவில்லை.

இவ்வளவுக்கும் அவள் டம்ளர் காலியாகத்தான் வந்துகொண்டிருந்தது. எனக்குப் பிடிக்காவிட்டாலும் அவளுக்குப் பிடித்திருக்கிறதே என்று அதையே பிடித்துக்கொண்டிருந்தேன். ஒரு நாள் பின்பக்கம் போனபோது, முக்கால் டம்ளர் காபியை அவள் கறிவேப்பிலைச் செடிக்கு ஊற்றுவதைப் பார்த்துவிட்டேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. தொட்டிமண் முழுக்கக் காபி நிறத்தில் ஈரமாக இருந்தது. எத்தனை நாளாக ஊற்றுகிறாளோ!

அன்றைக்கே பில்டரை ஒரு கை பார்ப்பது என்று இறங்கினேன். அடைத்துக்கொண்ட பில்டரைத் தீயில் காட்டினால் உள்ளே சிக்கிய பொடி கருகி உதிர்ந்துவிடும். அவள் எப்போதாவது அப்படிச் செய்வதைப் பார்த்திருக்கிறேன். இடுக்கியில் பிடித்து நன்றாகவே காட்டினேன். பிளாஸ்டிக் எரிகிற வாடை வந்தது. கேஸ் குழாயாக இருக்குமோ என்று பதறி அடுப்பை அணைத்துக் குனிந்து பார்த்தேனே தவிர, வேறு எதுவும் தோன்றவில்லை. ஆறவைத்துக் கழுவித் தண்ணீர் ஊற்றினால், இறங்கிக்கொண்டிருந்த இரண்டு சொட்டும் நின்றுபோயிருந்தது.

மறுநாள் சனிக்கிழமை. பொடியைத் தண்ணீரில் போட்டுக் கொதிக்கவைத்து வடிகட்டிக் கொடுத்தேன். அவள் ஒரு வாய் குடித்துவிட்டு டம்ளரை மேடையில் வைத்துவிட்டாள். செடிவரைக்கும் போகக்கூட அதற்குத் தகுதி இல்லை போலிருக்கிறது. நான் வெடித்துவிட்டேன். இருபத்தாறு வருடம் நீ கொடுத்ததையெல்லாம் நான் குடிக்கவில்லையா என்று கத்தினேன். அவள் டிபன் பாக்ஸை மூடிக்கொண்டே, குரலை உயர்த்தாமல் சொன்னாள்.

"குடிச்சீங்க. ஒரு நாளாச்சும் நல்லா இருக்குதுன்னு சொன்னீங்களா? நானு உங்க மனசு நோகக் கூடாதுன்னுதானுங்க செடிக்கு ஊத்துனேன்."

தெருமுனையில் ஹாரன் கேட்டது. வெறும் வயிற்றோடு போய்விட்டாள். அன்று பகல் முழுக்க வீட்டில் தனியாக உட்கார்ந்து, ஒரு நாளாவது சொல்லியிருக்கிறேனா என்று யோசித்துப் பார்த்தேன். ஒரு நாள்கூட அகப்படவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவள் பில்டரின் மேல் பாத்திரத்தை எடுத்து, கம்பெனியில் உருப்படியைப் பிடிப்பதுபோல டியூப்லைட்டுக்கு நேராகப் பிடித்தாள். நானும் பின்னால் போய் நின்று பார்த்தேன். பத்துப் பதினைந்து ஓட்டைகளில்தான் வெளிச்சம் தெரிந்தது. மற்றதெல்லாம் இருட்டு. தையல் மெஷின் பெட்டியிலிருந்து ஓர் ஊசியை எடுத்து ஓர் ஓட்டையில் குத்தினாள். ஊசி முனையில் கடுகில் கால்வாசி அளவுக்கு ஏதோ கெட்டியாக வந்தது. என் உள்ளங்கையில் வைத்தாள். உருட்டிப் பார்த்ததும் எனக்கு விளங்கிவிட்டது.

கம்பெனிக்குத் துணி வந்தால் ஒரு நூலை உருவித் தீயில் காட்டுவோம். காட்டன் என்றால் காகிதம் எரிகிற வாடையோடு சாம்பலாகும். பாலியஸ்டர் என்றால் உருகிச் சுருண்டு கெட்டியாகிவிடும். இதை ஆயிரம் தடவை செய்தவன் நான். தினமும் துடைத்துத் துடைத்து வேஸ்ட் துணியின் பஞ்சை ஓட்டைக்குள் திணித்ததும் நான்தான். அது பாலியஸ்டர் கலந்த துணி என்று பார்க்காமல் தீயில் காட்டி, உருக்கி, சீல் வைத்ததும் நான்தான். வெளியே சொன்னால் கம்பெனியில் சிரிப்பார்கள். அவளிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை, சொன்னேன். அவள் புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள்.

"ஏனுங்க, எங்க செக்கிங்ல ஓட்டை இருந்தா டேமேஜு. இதுல ஓட்டை இல்லாததுதான் டேமேஜு" என்றாள்.

பிறகு இருவரும் உட்கார்ந்தோம். அவள் வெளிச்சத்தில் பிடித்து அடைத்த இடத்தைக் காட்டுவாள், நான் குத்துவேன். மூன்று ஊசி உடைந்தது. கம்பெனியில் ஊசி உடைந்தால் கடைசித் துண்டுவரை தேடி எடுத்து ஒட்டவைத்துக் காட்ட வேண்டும், அதுவரை அந்த மெஷின் ஓடக் கூடாது. வீட்டிலும் அவள் அதே சட்டம்தான் போட்டாள். துண்டுகள் ஒன்றோடொன்று பொருந்துகிறதா என்று பார்த்த பிறகுதான் அடுத்த ஊசியைக் கொடுத்தாள். முப்பது வருடம் கத்தி பிடித்த என் கை அந்தப் பொடி ஓட்டைகளில் நடுங்காமல் வேலை செய்தது. அது எனக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது. கடைசியில் எல்லா ஓட்டையிலும் வெளிச்சம் வந்தது. இரண்டு முறை வெந்நீர் ஊற்றினோம். சடசடவென்று இறங்கியது.

அதில் இறங்கிய முதல் டிக்காஷனில் அவளையே காபி போடச் சொன்னேன். குடித்துவிட்டு, நல்லா இருக்குது என்றேன். சொல்லிப் பழக்கம் இல்லாததால் யாரோ சொன்ன மாதிரி இருந்தது. அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"இன்னைக்கு மட்டுங்களா?"

"இல்ல. எல்லா நாளும் நல்லாத்தான் இருந்துது" என்றேன்.

அவள் அடுப்புப் பக்கம் திரும்பித் தனக்கும் ஒரு டம்ளர் காபி ஆற்றினாள். சாயங்காலம் பொடிக் கடைக்குப் போய் என் தவறைச் சொன்னேன். அந்த பாய் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பொடியை அரைத்துக் கட்டிக்கொடுத்துவிட்டு, இனிமேல் பில்டரை வெயிலில் காயவைத்தால் போதுமுங்க என்றார்.

இப்போது நான் ஒரு சின்ன யூனிட்டில் சாம்பிள் வெட்டப் போகிறேன். பத்து மணிக்குப் போனால் போதும் என்பதால் காலைக் காபியை நான் விட்டுக்கொடுக்கவில்லை. பில்டர் மாடிப்படியில் கவிழ்ந்து காய்கிறது. ஆனால் மறக்க முடியாதது அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு மறுநாள் திங்கட்கிழமைதான். காபியை நான் போட்டுக் கொடுத்தேன். வழக்கம்போல டம்ளரோடு அங்கே இங்கே நடந்தாள், பின்பக்கமும் ஒருமுறை போய்வந்தாள். ஹாரன் கேட்டதும் டம்ளரைப் பாத்திரம் கழுவுகிற தொட்டியில் போட்டுவிட்டு ஓடினாள். டம்ளர் காலி. காலி டம்ளரை நம்பி ஒருமுறை ஏமாந்தவன் நான். வேன் கிளம்புகிற சத்தம் கேட்கும்வரை பொறுத்திருந்து, பின்பக்கம் போய்க் கறிவேப்பிலைச் செடியின் மண்ணைத் தொட்டுப் பார்த்தேன்.

மண் காய்ந்து கிடந்தது. உள்ளே போய் ஒரு சொம்புத் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினேன்.