எங்களுக்கு முன்னால் போன தடம்

இதை வாசிக்கும் உங்களை நடுவர் இருக்கையில் அமர்த்த நான் விரும்பவில்லை. நடுவர் என்றால் தீர்ப்புச் சொல்ல வேண்டும். இந்த விஷயத்தில் தீர்ப்பு என்று ஒன்று உண்டா என்பதே எனக்குச் சந்தேகம். சாட்சியாக மட்டும் என் பக்கத்தில் வந்து நில்லுங்கள். நான் பார்த்ததைப் பாருங்கள், நான் கேட்டதைக் கேளுங்கள். அதன்பின் நம்புவதும் நகைப்பதும் உங்கள் உரிமை.

பேய், ஆவி, சகுனம் என்று எவர் வாய்திறந்தாலும் எதிரணியில் எழுந்து நிற்பவன் நான். சித்தூரிலும் திருப்பதியிலும் தமிழர்கள் கூடி நடத்தும் மேடைகளில், "இருளில் தெரிவது பேயன்று, நம் அறியாமையின் நிழல்" என்று முழங்கி, கைதட்டல் அடங்கும்வரை ஒலிவாங்கியை விடாமல் நின்றிருக்கிறேன். கூச்சமின்றிச் சொல்வதானால், அந்தத் தலைப்பில் என்னை வீழ்த்தியவர் இதுவரை எவருமில்லை. அப்படிப்பட்டவன்தான் இதைச் சொல்கிறேன் என்பதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் ஊர் கார்வேட்டிநகரத்துக்கு அப்பால், மலையடிவாரத்தில் இருக்கிறது. பிறர் தோப்பில் கூலிக்குப் போய்க்கொண்டிருந்த என் நைனா (அப்பாவை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் அழைப்போம்), இப்போது சொந்தமாக மா வைத்திருக்கிறார். அவருடைய சிறுநீரகங்கள் இரண்டும் செயலிழந்த பிறகு, வாரத்துக்கு மும்முறை திருப்பதிக்கு அழைத்துச் சென்று டயாலிசிஸ் செய்ய வேண்டும். ஒருமுறை தவறினால் உடம்பில் நீர் கோத்துக்கொள்ளும். இருமுறை தவறினால் உயிருக்கு உத்தரவாதமில்லை. எங்கள் ஊருக்கோ தார்ச்சாலை கிடையாது. மழை பிடித்தால் ஆம்புலன்ஸ் பாதி வழியிலேயே நின்றுவிடும். அதற்காகவே நான்கு சக்கரமும் இழுக்கும் பழைய பிக்கப் ஒன்றை வாங்கினோம். முன்னும் பின்னும் இருக்கை உண்டு, அதன் பின்னால் மாங்கூடை ஏற்றும் தொட்டி. வண்டி திடமானது, டயர்கள்தான் வழுக்கையாகிவிட்டிருந்தன.

மழைக்காலம் நெருங்கவே, புது டயர் போட நானும் அக்காள் கணவர் முனிரத்தினம் மாமாவும் சித்தூருக்குப் போனோம். மாமா கடைக்குள் நுழைந்ததும் மிக அகலமான டயர் ஒன்றைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். நான் கேட்டதோ, எல்லாத் தரைக்கும் ஏற்ற, ஆனால் குறுகலான, உயரமான டயர். ஒரு கிரானைட் குவாரிக்காக வரவழைத்து, அவர்கள் எடுக்காமல் விட்ட ஒரே ஒரு செட் அந்தக் கடையில் கிடந்தது.

"இன்னா மச்சான் இது? ஒடம்பு பாத்தா யானை, காலு பாத்தா கொக்கு மாதிரி கீது. ஊர்ல சிரிப்பானுங்க" என்றார் மாமா.

விடுவேனா? எங்கள் மண்ணில் மேலே களிமண், ஒரு சாண் ஆழத்தில் கெட்டியான மொரம்பு, அதாவது சரளைத் தரை. அகல டயர் சேற்றின் மீது மிதக்கும், மிதப்பது வழுக்கும். குறுகிய டயரோ வண்டியின் பாரம் முழுவதையும் சிறு இடத்தில் செலுத்திச் சேற்றைக் கீறிக்கொண்டு இறங்கும், அடியிலிருக்கும் மொரம்பைக் கவ்வும். பாதையில் நீர் தேங்கியிருந்தாலும் அதைப் பிளந்து செல்லும். இப்படிக் கை உயர்த்தி, குரலை ஏற்றி இறக்கி, கடைவாசலில் நின்றே விளக்கினேன். பஞ்சர் ஒட்ட வந்தவர்கள்கூட நின்று கேட்டார்கள்.

"அதெல்லாம் சரி. ஆத்து மணல்ல எறங்குனா? பொதஞ்சிப் பூடும்."

"காத்தைக் கொஞ்சம் எறக்கிவுட்டா மணல்லயும் போவும் மாமா."

"உன் வாயில கீற காத்தை எறக்கினா நாலு லாரி ஓட்டலாம்."

கடைக்காரர் தெலுங்கு கலந்த தமிழில் சமாதானம் செய்தார். "பாபு சொல்றது கரெக்ட்டுதான் அன்னா. கானி, லுக் இருக்காது."

முடிவு காண நைனாவுக்கு போன் செய்தோம். அவர் சொன்னது ஒரே வாக்கியம். "அவன் கேக்கறதையே போட்டுடு முனிரத்தினம், இல்லன்னா ஊரு வந்து சேர்ற வரைக்கும் பேசிக்கினே வருவான்."

குறுகிய டயர்களைப் பூட்டிக்கொண்டு வீடு வந்து சேர்ந்த அன்று மாலையே மழை தொடங்கியது. கடலில் புயல் சின்னம் என்றார்கள். மறுநாள் காற்றில் மரங்கள் சாய்ந்து பாதையே அடைபட்டதால் நைனாவின் முறை தவறிப்போனது. அடுத்த நாள் அவருடைய கால்கள் தூண்களாக வீங்கின. படுத்தால் மூச்சு முட்டியது. டயாலிசிஸ் மையத்துப் பெண் போனில் தமிழும் தெலுங்குமாகப் பதறினாள். "நாளைக்குன்னு சொல்லாதீங்க சார். சாயந்திரத்துக்கு ஒரு மிஷினை காலியா வெச்சிருக்கேன். தொந்தரகா ரண்டி, சீக்கிரம் வாங்க!"

பிற்பகலில் மழை சற்று ஓய்ந்தது. மரங்களை வெட்டி ஒதுக்கிவிட்டார்கள் என்ற சேதி வந்தவுடன் புறப்பட்டோம். நான் ஓட்ட, நைனா பக்கத்து இருக்கையில், மாமா பின்னால். பகல்தான், ஆனால் மேகம் கவிந்து விளக்குப் போடுமளவுக்கு மங்கியிருந்தது. ஒவ்வொரு மூச்சுக்கும் நைனாவின் தோள்கள் ஏறி இறங்கின.

ஊரைத் தாண்டியதும் பம்ப் கொட்டகை அருகே வழி பிரியும். இடப்பக்கம் ஏரிக்கரைக்கு அடியில் இறங்கி, கால்வாயின் மீதுள்ள மோரியைக் கடந்து விரைவில் தார்ச்சாலையைத் தொடும். அந்த மோரி நான்கு குழாய்களைப் பதித்துக் கட்டிய தாழ்ந்த சிறுபாலம். வலப்பக்கம் மாந்தோப்புச் சரிவில் ஏறிச் சுற்றிக்கொண்டு போகும். நீண்ட வழி, வழுக்கும் வழி, ஆனால் வெள்ளம் தொடாத வழி. வலப்பக்கம் போவதென்றுதான் முடிவு செய்திருந்தேன்.

பிரிவில் வண்டியை நிறுத்தினேன். இடப்பக்கப் பாதையில் புதிய சக்கரத் தடங்கள் இறங்கிச் சென்றிருந்தன.

இறங்கிப் பார்த்தேன். குறுகலான தடம். டிராக்டரின் பரந்த தடமன்று, ஜீப்பினுடையதுமன்று. சேற்றைக் கத்தியால் அறுத்ததுபோல் ஓரங்கள் கூர்மையாக நின்றன. அடியில் மொரம்புக் கற்கள் பளிச்சென்று தெரிந்தன. தடத்துக்குள் மழைநீர்கூட இன்னும் தேங்கவில்லை, அப்படியென்றால் சற்றுமுன் போன வண்டி. புது டயரின் மேல் மயிர் மயிராக ரப்பர் துருத்திக்கொண்டிருக்குமே, கவனித்திருக்கிறீர்களா? அந்த மயிர்களின் கீறல்கூடக் களிமண்ணில் பதிந்திருந்தது. என் வண்டியின் டயர்களில் அதே மயிர்கள் இன்னும் தேயாமல் நின்றன.

அஞ்சியிருக்க வேண்டிய கணம் அது. நான் என்ன செய்தேன் தெரியுமா? பூரித்தேன். என் வாதத்தை இயற்கையே வரைபடமாக வரைந்து காட்டியதாக எண்ணினேன். குறுகிய டயர் சேற்றைக் கீறி இறங்கியிருக்கிறது, அடியில் தரை கெட்டியாக இருக்கிறது, ஒருவன் பத்திரமாகப் போயிருக்கிறான். இதைவிட வேறென்ன சான்று வேண்டும்?

"பாத்தியா மாமா? நம்மளை மாதிரியே யோசிக்கிறவன் ஒருத்தன் இந்தப் பக்கம் கீறான்!"

"அப்போ அவன் பின்னாடியே வுடு. பெரியவரு மூச்சு வாங்கறதைப் பாத்தியா? சுத்திக்கினு போவ நேரமில்ல" என்றார் மாமா.

இடப்பக்கம் திருப்பினேன். முன்சக்கரங்கள் அந்தத் தடத்துக்குள் இறங்கின. உறைக்குள் கத்தி இறங்குவதைப்போல் அத்தனை சரியாகப் பொருந்தின, ஸ்டியரிங்கை நான் பிடிக்கவே தேவைப்படவில்லை. வண்டி தானாகச் சரிவில் நகர்ந்தது. எதிரே கரையின் வளைவு, அதற்கப்பால் எதுவும் தெரியவில்லை. நீரின் இரைச்சல் மட்டும் கேட்டது.

அதுவரை கண்மூடிச் சாய்ந்திருந்த நைனா, கையை நீட்டி ஸ்டியரிங்கைப் பிடித்தார். வீங்கிய விரல்களில் அவ்வளவு பலம் எங்கிருந்து வந்தது என்று இன்றும் எனக்குத் தெரியாது.

"இன்னாத்துக்குடா இதுல எறக்கின?"

"வண்டி போயிருக்குது நைனா. தடம் பாரு, கெட்டியா கீது."

"யாரு வண்டின்னு பாத்தியா?"

"யாரோ."

"யாரோ இன்னா யாரோ? நம்ம வண்டிடா அது." மூச்சுக்காக நிறுத்தினார். பிறகு, தோப்புக்கு யார் யார் வேலைக்கு வந்தார்கள் என்று சொல்லும் அதே சாதாரணக் குரலில் சொன்னார். "நாம இப்படிப் போய்ட்டோம். நீ அந்தாண்ட போ."

மாமா பின்னாலிருந்து சிரிக்க முயன்றார், பாதியிலேயே நின்றுவிட்டது. நான் மறுத்துப் பேச வாயெடுத்தேன். நைனாவின் கை ஸ்டியரிங்கைவிட்டு நகரவில்லை. பின்கியரைப் போட்டேன்.

அப்போதுதான், நம்பினால் நம்புங்கள், கரையின் வளைவுக்கு அப்பாலிருந்து ஒரு ஹாரன் ஒலித்தது. எங்கள் பிக்கப்பின் ஹாரன் எப்படியென்றால், முதலில் கரகரத்து, பிறகு இரண்டு சுருதியில் பிளந்து கத்தும். அதே கரகரப்பு, அதே இரண்டு சுருதி. என் கை ஹாரனில் இல்லை. அது விடாமல் நீண்டு ஒலித்தது, பிறகு தண்ணீருக்குள் அழுந்தியதுபோல் மங்கி நின்றது.

"எவனோ மாட்டிக்கினான்டா!" என்று மாமா கதவைத் திறந்து குதித்தார். வளைவுவரை ஓடினார். நான் என்ஜினை அணைக்காமல், ஒரு கையால் நைனாவைத் தாங்கிக்கொண்டு அவர் முதுகையே பார்த்திருந்தேன். போய்ப் பார்ப்பதா, நைனாவைக் கொண்டு செல்வதா? அவர் உதடுகள் நீலம் பாய்ந்துகொண்டிருந்தன.

மாமா நடந்து திரும்பினார். ஓடவில்லை. ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்தினார்.

"மோரி இல்ல. அடிச்சிக்கினு பூட்சு. கால்வாய் ரெண்டு பனை அகலத்துக்குப் போய்க்கினு கீது."

"வண்டி?"

"தடம் விளிம்பு வரைக்கும் போவுது."

"வண்டி மாமா?"

"கேக்காத. மேல ஏறு."

வலப்பக்கச் சரிவில் எப்படி ஏறினேன் என்பதை முழுவதுமாக என்னால் நினைவுகூர முடியவில்லை. லோ கியரில் போட்டு, நான்கு சக்கரமும் பற்களால் கடிப்பதுபோல் செம்மண்ணைக் கடித்துக்கொண்டு ஏறிற்று வண்டி. இருமுறை பின்பக்கம் பள்ளத்தை நோக்கிச் சறுக்கியது. இருமுறையும் டயர்கள் சேற்றைக் கீறி மொரம்பைக் கவ்வின. அகல டயராக இருந்திருந்தால் தோப்புக்குள் உருண்டிருப்போம். அதை அப்போதே சொல்லி மாமாவை மடக்கியிருக்கலாம். சொல்லத் தோன்றவில்லை. போலீசுக்கு போன் செய்தேன். ஊர்க்காரர்களையும் கயிற்றோடு மோரிக்கு அனுப்பினேன். திருப்பதியை அடைந்தபோது மிஷின் காத்திருந்தது. சற்றே தாமதித்திருந்தாலும் கைமீறிப் போயிருக்கும் என்றார் மருத்துவர். நைனா பிழைத்தார்.

ஊர்க்காரர்கள் விடியும்வரை தேடினார்கள். நீர் வடிந்ததும் ஜே.சி.பி. வைத்துக் கால்வாயைத் துழாவினார்கள். வண்டி இல்லை, ஆள் இல்லை. யாரையும் காணவில்லை என்று எந்த ஊரிலிருந்தும் எவரும் வரவில்லை. அந்தத் தடங்களை அவர்களும் பார்த்திருக்கிறார்கள். அவை எங்களுடையவை என்றே எண்ணினார்கள். ஆனால் நாங்கள் பாதிச் சரிவிலேயே திரும்பிவிட்டோம். அதற்கப்பால் விளிம்புவரை சென்றவை யாருடையவை? அந்தச் சுற்றுவட்டாரத்தில் அந்த அளவு டயர் வேறு எந்த வண்டியிலும் இல்லை. நான் விசாரிக்காத கடையுமில்லை, குவாரியுமில்லை.

எதிரணியின் வாதங்கள் எனக்கும் தெரியும். மூச்சு முட்டினால் மூளைக்குக் காற்றுப் போதாமல் பிதற்றல் வரும். வெள்ளத்தின் இரைச்சலில் எந்த ஒலியும் கேட்கும். இவற்றை உங்களைவிட அழகாக என்னால் எடுத்துரைக்க முடியும். அந்த வளைவில் என்ன பார்த்தார் என்று மாமாவிடம் பலமுறை கேட்டுவிட்டேன். எதற்கும் கேலி பேசும் அந்த மனிதர் இதற்கு மட்டும் எழுந்து போய்விடுகிறார்.

நைனாவுக்கு அன்று பேசியது எதுவும் நினைவில்லை. இப்போது தெளிவாக இருக்கிறார், மாங்காய் விலைக்குச் சண்டை பிடிக்கிறார். வாரம் மும்முறை அதே பிரிவைத் தாண்டித்தான் போகிறோம். ஒவ்வொரு முறையும் அந்த இடத்தில் அவர் கண்ணாடியை இறக்கி, இடப்பக்கம் பார்த்து, எதிரே வரும் தெரிந்த வண்டிக்குக் காட்டுவதுபோல் கையை உயர்த்துகிறார். முதலில் நான் கண்டுகொள்ளவில்லை. ஒருநாள் காலை அங்கேயே வண்டியை நிறுத்திக் கேட்டேவிட்டேன்.

"யாருக்கு நைனா கை காட்டற?"

"உனக்குத்தான்" என்றார், என் முகத்தைப் பார்க்காமலே. பிறகு கையை இறக்கி, "ஏன் நிறுத்தின? நேரமாவுது" என்று அதட்டினார்.

நான் வண்டியைவிட்டு இறங்கினேன். வெயில் சுள்ளென்று அடித்தது. மோரி இன்னும் கட்டப்படவில்லை. உடைந்த குழாய்களின் மேல் கொக்குகள் உட்கார்ந்திருந்தன. சரிவில் இறங்கி விளிம்பில் போய் நின்றேன். பேசுவதற்கு முன் எப்போதும் தொண்டையைச் செருமிக்கொள்வேன். அன்று அது தோன்றவில்லை. கீழே ஓடும் நீரைப் பார்த்து, அன்று இந்த வழியே போய்விட்ட அந்த என்னிடம், மேலே வண்டியிலிருக்கும் நைனாவுக்கும் கேட்கட்டுமென்று உரக்கச் சொன்னேன்:

"நைனாவை நான் கொண்டுபோய்ச் சேத்துட்டேன். நீ கவலைப்படாத. இனிமேலும் ஒரு முறைகூடத் தவறவுடமாட்டேன். உன் முறைக்கும் சேத்து நானே கூட்டிக்கினு போறேன்."