குருவி போட்ட மிளகாய்

கிருஷ்ணகிரியில் நான் வாடகைக்கு இருக்கும் அறையின் பின்சுவர் வெடிப்பில் ஓர் ஊசிமிளகாய்ச் செடி முளைத்திருக்கிறது. யாரும் நட்டதில்லை. பழத்தைத் தின்ற குருவி எச்சத்தோடு போட்ட விதை. குருவிக்கு அந்தக் காரம் உறைக்காதாம்.

இருபது வருஷத்துக்கு முன், ஐம்பதுகளில், நான் சின்னப் பையனாக இருந்தபோது, ஜவளகிரியில் பண்ணைக்காரர் வேலியிலும் இதே செடி இருந்தது. அவர் நிலத்தில் களையெடுத்துவிட்டுத் திரும்பும் அம்மா, கொஞ்சம் காய் பறித்து மடியில் கட்டிக்கொள்வாள். உப்போடு நசுக்கி வைப்பாள். நாக்கில் பட்டால் காதுவரை எரியும். ஒரு காயே ஓர் உருண்டைக் களியை உள்ளே தள்ளிவிடும்.

ஒருநாள் பண்ணைக்காரம்மா பார்த்துவிட்டாள்.

"கேக்காமயே பறிச்சிட்டயா?"

"குருவி போட்ட செடிதானுங்கம்மா."

"எங்க வேலியிலதானடி போட்டுச்சு? உங்க கூரை மேல போடச் சொல்லு, அப்பப் பறிச்சுக்க!"

கூட வந்த பெண்கள் சிரித்தார்கள். அம்மா மடியை அவிழ்த்துக் காய்களை வேலியோரம் போட்டாள். கண்ணில் நீர் முட்டியது. மிளகாய்க் கையால் துடைக்க முடியாது, அப்படியே நடந்தாள். அன்றைக்கு வெறும் உப்பைத் தொட்டுக்கொண்டு களி தின்றோம்.

இன்று ஆபீசிலிருந்து அலுத்துப்போய் வந்தேன். சோற்றுக்குத் தொட்டுக்கொள்ள ஒன்றுமில்லை. செடி நிறையக் காய். வீட்டுக்கார அம்மாவைக் கூப்பிட்டு, "ரெண்டு காய் பறிச்சுக்கட்டுங்களா?" என்றேன்.

"இதுக்கெல்லாமா கேப்பாங்க, தம்பி?" என்று சிரித்தார்.

படித்தேன், வேலைக்கும் வந்துவிட்டேன். கேட்காமல் பறிக்க மட்டும் இன்னும் கை வரவில்லை.