பசிபிக் குளிர்ந்தால் சுங்காயில் மழை

காலை எட்டு மணிக்கு அலமேலு அக்காவின் தங்கை ஈப்போவிலிருந்து போன் செய்தாள். "அக்கா போயிட்டாங்கண்ணே." அப்போது நான் சுங்காய் ஆற்றோரம் எங்கள் பழைய ரப்பர் தோட்டத்து லயத்தில், அந்தத் தொழிலாளர் வரிசை வீடுகளில், எந்த வீட்டில் எத்தனை பேர் என்று எழுதிக்கொண்டிருந்தேன். உடனே கிளம்பவும் மனம் வரவில்லை, உட்கார்ந்து எழுதவும் கை ஓடவில்லை.

உங்களில் பலருக்கு அவரைத் தெரியும். இதே லயத்தில் பிறந்து, வானிலைத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பசிபிக் நடுக்கடல் குளிர்ந்தால் வெதுவெதுப்பான தண்ணீர் நம் பக்கம் ஒதுங்கும், ஆண்டு இறுதி மழை கூடும் என்பார். "அங்க குளிர்ந்தா இங்க குடையா? கதை விடாதீங்கக்கா" என்று கிண்டலடித்திருக்கிறேன்.

அப்படிக் குளிர்ந்த ஓர் ஆண்டில், தீபாவளிக்கு இரண்டு வாரம் முன்பே எல்லாரையும் மேட்டு மண்டபத்துக்கு மாற்றச் சொன்னார். லயத் தலைவர் நான். சொந்த வீட்டில் எண்ணெய் தேய்த்துக் குளிக்காமல் என்ன தீபாவளி என்று வீட்டுக்கு வீடு முனகல். "தீபாவளி முடியட்டும்லா அக்கா" என்றேன். தீபாவளிக்கு முதல் நாள் மாலையே ஆறு ஏறி இடுப்பளவு வெள்ளம். படுத்த படுக்கையாகக் கிடந்த முனியாண்டி மாமாவைக் கதவுப் பலகையில் வைத்துத் தூக்கினோம். சுட்ட முறுக்கெல்லாம் தண்ணீரில் மிதந்தது. "நான் கடலப் பாத்துச் சொன்னேன், நீ காலண்டரப் பாத்தியா?" என்று அக்கா எல்லார் முன்னாலும் கத்தினார். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்றே தெரியவில்லை.

இன்னோர் ஆண்டும் எச்சரித்தார். இம்முறை மாறினோம். இந்தியப் பெருங்கடல் மழையை வேறு பக்கம் இழுத்ததோ என்னவோ, பெரிய மழையே இல்லை. ஐந்து நாள் கொசுக்கடிதான் மிச்சம். சனம் வாய்க்கு வந்தபடி பேசியது. அக்கா ஒளியவில்லை. காரை எடுத்துக்கொண்டு வந்து, மண்டபத்து வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். "கடல் சாடை காட்டும், சத்தியம் பண்ணாது" என்றார்.

இந்த ஆண்டும் நடுக்கடல் குளிர்கிறது. போன வாரம் ஆஸ்பத்திரிக் கட்டிலிலிருந்து அதைத்தான் சொன்னார். அன்றிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. வெயில் அடித்தாலும் பயமாக இருக்கிறது.

துக்க வீட்டிலேயே லயத்துக்காரர் ஒருவர் மெல்லக் கேட்டார்: "அக்காவும் இல்ல. மண்டபத்துக்கு மாறுறத தீபாவளி முடிஞ்சு பாக்கலாமா தலைவரே?"

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "ஞாயித்துக்கிழமை லோரி வருது. எல்லாரும் ஏறுங்க."

"மழ வரலன்னா?"

"மண்டபத்து வாசல்லயே நிக்கிறேன். வந்து திட்டுங்க."

கடல் கணக்கு இன்றும் எனக்கு முழுதாகப் புரியாது. அக்காவிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது, அப்படி நின்று திட்டு வாங்கும் துணிச்சலைத்தான்.