24,50,681-க்கு ஒரு கையெழுத்து

சூசை அண்ணாச்சி தவறிவிட்டார் என்ற செய்தி செவ்வாய்க்கிழமை காலை போனில் வந்தது. சொன்னவர், எங்களோடு கிரேன் ஆபரேட்டராக வேலை பார்த்த ஜெயராஜ். அன்றே எழுதியிருந்தால் இந்த அஞ்சலி முழுக்கப் புகழ்ச்சியாக இருந்திருக்கும்.

தூத்துக்குடி துறைமுகத்தில் நாங்கள் இருவரும் டேலி கிளார்க்குகள். இறங்கும் கண்டெய்னர்களை அவர் கப்பல் தரப்பில் குறிப்பார், நான் கரைத் தரப்பில். ஷிப்ட் முடிந்ததும் தாள்களை மாற்றிச் சரிபார்த்துக் கையெழுத்திடுவோம். அடித்துத் திருத்தினால் அந்த இடத்தில் இருவர் கையெழுத்தும் வேண்டும். இதில் அண்ணாச்சி தயவு தாட்சண்யம் பார்க்க மாட்டார். "தப்புன்னு தெரிஞ்சா அங்கனயே சொல்லிரணும்ல. பொறவு சொன்னா அது வேற தப்பு" என்பார்.

கப்பல் தாமதமானால் கண்டெய்னர் எண்களை வகுத்துப் பார்ப்பது எங்கள் பொழுதுபோக்கு. பெரும்பாலானவை மூன்றிலோ ஏழிலோ பதின்மூன்றிலோ உடைந்துவிடும். ஒருநாள் வந்த 24,50,681 எதற்கும் மசியவில்லை. பகா எண்தானா என்று பார்த்துவிடத் துணிந்தோம். கால்குலேட்டர் கூடாது. அதன் வர்க்கமூலம் 1565-ஐச் சற்றே தாண்டும். அதுவரை உள்ள பகா எண்களால் வகுத்தால் போதும். எழுநூற்றுக்குக் கீழே எனக்கு, மேலே அவருக்கு.

மூன்று வாரம் ஆனது. என் பங்கில் எதிலும் உடையவில்லை என்று எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். டேலித் தாளைப் போலவே மாற்றிக்கொண்டோம். அவருடையதை வரி வரியாகப் பார்த்துக் கையெழுத்திட்டேன். என்னுடையதை அவர் வீட்டுக்கு எடுத்துப்போய், மறுநாள் 'சரி' என்று எழுதிக் கையெழுத்துடன் தந்தார். "ஏலே, ஒடையாத நம்பர்தாம்ல" என்றார். நான் பூரித்துப்போனேன். என் பணி ஓய்வு விழாவில்கூட அந்த எண்ணைப் பற்றித்தான் பேசினேன். அவர் முதல் வரிசையிலிருந்து கைதட்டினார்.

துக்க வீட்டில் ஜெயராஜிடம் இதைச் சொல்லி அழுதேன். அவர் சங்கடமாகப் பார்த்தார்.

"அது ஒடையும்லா. 397-ல மீதியில்லாம போகும்னு அண்ணாச்சி அப்பவே சொன்னாவளே. நீரு அவ்வளவு சந்தோசமா இருந்தீராம். ஒம்மகிட்ட மூச்சு விடக்கூடாதுன்னாவ."

"யார் யாருக்குத் தெரியும்?"

"ஹார்பர் யார்டுல எல்லாருக்கும்."

வீட்டுக்கு வந்து அந்தத் தாளை எடுத்தேன். 397-க்கு நேரே, மீதி 100 என்று எழுதியிருக்கிறேன். கழித்தலில் 119 வர வேண்டிய இடத்தில் 129 போட்டிருக்கிறேன். சின்னப் பிழை. சொல்லியிருந்தால் ஒருநாள் முகம் தொங்கியிருக்கும், அவ்வளவுதான். எல்லார் தப்பையும் முகத்துக்கு நேரே சொன்ன மனிதர், என்னை மட்டும் உண்மை தாங்காதவன் என்று முடிவுகட்டிவிட்டார். மேடையில் நான் பெருமையடித்தபோது கேட்டுக்கொண்டிருந்த அத்தனை பேருக்கும் விஷயம் தெரியும். நல்ல மனிதர்தான், மறுக்கவில்லை. ஆனால் என்னை ஏமாற்றிவிட்டார். அந்தக் கோபம் அவரைப் புதைத்த பிறகும் அடங்கவில்லை.

மறுபடி வகுத்தேன். 6173 தடவை போகிறது. 100-ஐ அடித்து 0 என்று எழுதி, பக்கத்தில் கையெழுத்திட்டேன்.

போய் வாருங்கள், அண்ணாச்சி. திருத்தத்துக்கு இரண்டு கையெழுத்து வேண்டும். ஒன்றுதான் இருக்கிறது.