இரண்டு சைபர்

எங்கள் வீட்டில் யாருக்கும் கணக்கு வராது. ஆனால் நான் அயர்லாந்துக்கு நர்ஸ் வேலைக்குப் போன நாளிலிருந்து ஒரு கணக்கு மட்டும் எல்லாருக்கும் அத்துப்படி. ஒரு யூரோ என்றால் நூறு ரூபாய், கொஞ்சம் முன்னே பின்னே. எந்தத் தொகையைச் சொன்னாலும் பின்னால் இரண்டு சைபர் போட்டால் தீர்ந்தது. முதல் சம்பளம் என் கைக்கு வருவதற்குள் ராயபுரத்தில் எங்கள் தெரு முழுக்க அதற்கு சைபர் போட்டு முடித்துவிட்டது. அக்கா புருஷன் கண்டெய்னர் லாரி ஓட்டுகிறவர். துறைமுக கேட்டில் வரிசையில் காத்துக் கிடக்கும்போது முன்னால் நின்ற டிரைவர், பின்னால் நின்ற டிரைவர் எல்லாரிடமும் சொல்லிவிட்டார். நான் கொடுக்கிற வாடகைக்கு மட்டும் ஒருத்தரும் சைபர் போட்டுப் பார்க்கவில்லை.

நான் போட்டேன். எல்லாவற்றுக்கும் போட்டேன். அங்கே சின்னக் கட்டு கொத்தமல்லி ஒன்றரை யூரோ. நூற்றைம்பது ரூபாய். எங்கள் மார்க்கெட்டில் காய் வாங்கினால் சும்மா போடுவார்கள். வருஷக்கணக்கில் கொத்தமல்லி இல்லாமல் ரசம் வைத்தேன். முடிவெட்டக் கேட்ட காசைப் பெருக்கிப் பார்த்துவிட்டு, கண்ணாடி முன்னால் நின்று நானே வெட்டிக்கொண்டேன், ஒரு பக்கம் ஏறி ஒரு பக்கம் இறங்கி. பஸ்ஸுக்குப் பதில் நடை. மழையிலும் நடை. என்னோடு அறையில் இருந்த மலையாளச் சேச்சி திட்டுவாள்: "இங்க சம்பாதிக்கிறத இங்க செலவு பண்ணு மோளே. பெருக்கினா பைத்தியம் பிடிக்கும்." எனக்கு ஏற்கெனவே பிடித்திருந்தது. மிச்சம் பிடிப்பதில் ஒரு திமிரும் இருந்தது, ஒப்புக்கொள்கிறேன்.

மகளை அக்காவிடம் விட்டிருந்தேன். அவள் அப்பன் எங்களை விட்டுப் போனவன். அவனுக்கு இந்த ஒரு வரி போதும். ஒரு வருஷத்தில் அவளை அழைத்துக்கொள்வதாகத்தான் பேச்சு. அவளுக்கு நான்கு வயதானபோது அவளை அழைத்துக்கொள்ள விசா அனுமதியும் கிடைத்தது. நான் வேலைக்குப் போகும் நேரத்தில் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஓர் இடம் விசாரித்தேன். மாதம் ஆயிரம் யூரோ என்றார்கள்.

அன்றைக்கே அக்காவுக்குப் போன் செய்து கத்தினேன். "புள்ளைய இட்டுகினு வந்தா மாசம் ஒரு லட்சம்க்கா! நான் எங்க போவேன்?"

"ஒரு லட்சமா? இன்னாடி இது அநியாயமா கீது! இங்க அதுக்கு நாலு இட்லியோட முடிஞ்சிடுது. வுடு, எங்கூடவே இருக்கட்டும்."

எங்கள் வீட்டில் போனைக் காதில் வைத்துப் பேசும் வழக்கமே கிடையாது. ஸ்பீக்கரில் போட்டு ஃபிரிட்ஜ் மேல் வைத்துவிட்டு, அவரவர் வேலையைப் பார்த்துக்கொண்டே பேசுவார்கள். மகள் பக்கத்திலேயே விளையாடிக்கொண்டிருப்பாள் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் வாரா வாரம் அந்த ஒரு லட்சத்தைச் சொல்லிச் சொல்லி அழுதேன். அவளைப் பிரிந்திருப்பதற்குத்தான் அழுதேன். வாயில் வந்தது காசுதான்.

பள்ளிக்கூடம் போகும் வயது வந்ததும் அங்கே அந்தச் செலவு பெரிதாகக் குறைந்திருக்கும். அப்போதும் தள்ளிப்போட்டேன். ராயபுரத்தில் என் காசில் மாடி எழும்பிக்கொண்டிருந்தது. டைல்ஸ் போட்டார்கள், ஏசி மாட்டினார்கள். மணலி தொழிற்சாலைப் பக்கமிருந்து கெட்ட வாடை வந்தால் ஜன்னலைச் சாத்திக்கொண்டு நிம்மதியாக இருக்கலாம். என் மகளுக்குப் பல் விழுந்ததையும் முளைத்ததையும் நான் வீடியோவில் பார்த்தேன்.

அவளுக்கு எட்டு வயது ஆனபோது எனக்கே என் மேல் வெறுப்பு வந்துவிட்டது. தனியாக ஒரு சின்ன வீடு பிடித்தேன். வாடகைக்கு சைபர் போடவில்லை. அவளுக்கென்று மஞ்சள் கட்டில் வாங்கினேன், அதற்கும் போடவில்லை. லீவு எடுத்துக்கொண்டு அவளை அழைத்துப்போக ஊருக்கு வந்தேன்.

மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டே விஷயத்தைச் சொன்னேன். குதிப்பாள் என்று நினைத்தேன். அவள் கிளிப்பை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தபடி கேட்டாள்.

"ஸ்கூலுக்கு எவ்ளோம்மா?"

"ஒண்ணும் கெடையாது. ஃப்ரீ."

"என் கட்டிலு?"

"உனக்கு எதுக்குடி அது? முன்னூறு."

உதடு அசைந்தது. "முப்பதாயிரம். வூட்டு வாடகை?"

நான் சொல்லவில்லை. "நீ என்கூட வர்ற, அவ்ளோதான்" என்று அதட்டினேன்.

"நான் வந்தா மாசம் ஒரு லட்சம் ஆவும்மா. நீதான சொன்ன. நான் இங்கியே இருந்துக்கிறேன். நான் கம்மியாத்தான் சாப்புடுறேன், பெரிம்மாவ கேட்டுப் பாரு."

கோபத்தில் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். அம்மாவுக்கு உதவி செய்கிற முகத்தோடு சொன்னாள். ஈரத் துணியைப் போட்டுவிட்டு அங்கேயே உட்கார்ந்து அழுதேன். அது சும்மா சொன்னது, நீ செலவே இல்லை, என்றெல்லாம் உளறினேன். அவள் நம்பவில்லை. நான்கு வருஷம் வாரா வாரம் கேட்டதை ஒரு நாளில் அழிக்க முடியுமா? கிளம்ப வேண்டிய அன்று அக்காவின் புடவையைப் பிடித்தவள் விடவே இல்லை. அக்கா என்னைப் பார்க்காமல், "அடுத்த வருஷம் பாத்துக்கலாம்டி" என்றாள். தனியாகத் திரும்பினேன்.

கட்டிலின் பிளாஸ்டிக் உறையை இன்னும் பிரிக்கவில்லை. கொத்தமல்லி வாங்குகிறேன், பாதி அழுகிப்போகிறது.

இப்போது மாசம் பிறந்தால் அவளே போன் செய்கிறாள். "அம்மா, இந்த மாசம் என்னால எவ்ளோ மிச்சம்?" முதல் தடவை போனை வைத்துவிட்டேன். அடுத்த மாசமும் கேட்டாள். என்னிடம் அவள் பெருமையாகக் கேட்பது அது ஒன்றுதான்.

"ஒரு லட்சம்டி கண்ணு" என்கிறேன்.

"பெரிம்மா, ஒரு லட்சமாம்!" என்று அவள் வீடு முழுக்கக் கேட்கும்படி கத்துகிறாள்.